பெண்ணையாறு உப்பாகும் இடம்

வெள்ளி, மாலை – காவேரிப்பட்டணம்

எங்கள் ஊர்ப் பெயரில் காவேரி இருக்கிறது. ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுவது தென்பெண்ணை. அப்பாவுக்கு இப்போது 78 வயது. அவர் இந்த ஆற்றில் முதல் தூண்டில் போட்ட காலத்தில் மேலே கே.ஆர்.பி. எனப்படும் கிருஷ்ணகிரி அணையே கிடையாது. 1957-இல் காமராசர் வந்து அணையைத் திறந்துவைத்ததை, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தவர் அவர். அணைக்கு அடியிலிருந்து இருமத்தூர் வரைக்கும் எந்த மடுவில் கெண்டை நிற்கும், எந்தப் பாறை இடுக்கில் குறவை ஒளியும் என்று அவருக்குத் தெரியும். அதற்குக் கீழே ஆறு எப்படி இருக்கும் என்று தெரியாது.

பொங்கலன்று சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார்: "இந்தத் தண்ணி கடைசியா கடல்ல சேருற எடம் எப்படிடா இருக்கும்? ஒரு தடவை பாக்கணும்."

என் மனைவிக்குப் பிறந்த ஊர் கடலூர். அதே பெண்ணை அங்கேதான் கடலில் கலக்கிறது. கல்யாணமாகி 15 வருஷத்தில் நாங்கள் எத்தனையோ தடவை போய் வந்துவிட்டோம். அப்பா நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் போனதோடு சரி. முகத்துவாரத்துக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றாமலே இருந்திருக்கிறது. திங்கட்கிழமை குடியரசு தின விடுமுறை. மச்சானுக்கு போன் போட்டேன். தாழங்குடாவில் அவனுக்குப் பழக்கமான அண்ணன் ஒருவரிடம் பைபர் போட் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நமக்காக ஒதுக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் முழுக்கத் தூண்டில் வேலைதான். அப்பாவிடம் இருப்பது கைத்தூண்டில். வேப்பமரக் கட்டையில் சுற்றிய தங்கூசி (நைலான் நரம்பு), கீழே ஈயக்குண்டு, அதற்கு மேல் ஒரு முள். மகளுக்குப் போன பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த ரீல் தூண்டில். எட்டு வயது மகனுக்கு மூங்கில் கழி, மயில் இறகுத் தண்டில் செய்த தக்கை. அப்பா வாய்க்கால் ஓரம் மண்வெட்டியால் கொத்தி ஒரு கொட்டாங்குச்சி நிறைய மண்புழு எடுத்து, ஈர மண் போட்டு மூடி வைத்தார். "உப்புத் தண்ணியில மண்புழு பட்டுனு செத்துடும் மாமா, இங்க இறால்தான்" என்று மச்சான் போனில் சொன்னதை அவரிடம் சொன்னேன். "இருக்கட்டும், கூட வரட்டும்" என்றார்.

அம்மா வரவில்லை. மாடு கறக்க ஆள் வேண்டுமே. வழிக்கு நிப்பட்டும் புளிச்சோறும் கட்டிக் கொடுத்தார்.

சனி – ஆற்றோடு போன நாள்

நேராகப் போனால் மதியத்துக்குள் கடலூர் போய்விடலாம். அப்பாவுக்காக ஆற்றை எங்கெல்லாம் பார்க்க முடியுமோ அங்கெல்லாம் நிறுத்திப் போனோம்.

போச்சம்பள்ளி, மத்தூர் தாண்டி ஊத்தங்கரை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காரை ஓரங்கட்டி டீ குடித்தோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது. ஏரித் தண்ணீர் சாலைக்கு வந்து, நிறுத்தியிருந்த வண்டிகளை எல்லாம் அடித்துக்கொண்டு போனதை அப்போது நாடே பார்த்தது. அந்தத் தண்ணீர் பாம்பாற்றில் இறங்கி, பாம்பாறு பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்கு வந்தது. அங்கே நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். மறுநாள் கடலூரில் மாமனார் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். என் மனைவி இங்கே காவேரிப்பட்டணத்தில் போனும் கையுமாக அழுதுகொண்டிருந்தாள். ஊத்தங்கரையில் பெய்த மழை தன் அம்மா வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்ததை, டீக்கடையில் நின்றபடி பிள்ளைகளுக்குச் சொன்னாள். மகள் கேட்டாள்: "அப்போ நம்ம ஊர் தண்ணியும் அதுல இருந்திருக்கும்ல?" இருந்திருக்கும்.

சாத்தனூரில் அணையை ஒட்டிய கடைகளில் வறுத்த மீன் சாப்பிட்டோம். அப்பா ஒவ்வொரு கடையாக நின்று, என்ன மீன், எந்த வலை என்று விசாரித்துவிட்டுக் கடைசியில் கட்லா துண்டு ஒன்று வாங்கினார். மசாலா தூக்கல், மீன் நல்ல புது மீன். முழு நீர்மட்டம் 119 அடி என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்து, "நம்ம அணை 52 அடிதானே" என்றான் மகன். கொஞ்சம் வருத்தம் அவனுக்கு.

பிறகு மணலூர்பேட்டை. தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இங்கே வந்து பெண்ணையில் தீர்த்தவாரி காண்பார். திருவிழா முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மணலில் கடை போட்ட கம்பு நட்ட குழிகள் இன்னும் அப்படியே இருந்தன. மனைவி சின்ன வயதில் கடலூர் ஆற்றுத் திருவிழாவில் தின்ற சுருளிக் கிழங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள், பண்ருட்டி வரும்வரை நிறுத்தவில்லை. நடுவில் திருக்கோவிலூர். ஆற்றுக்குள் தனியாக நிற்கும் கபிலர் குன்றை அப்பாவுக்குக் காட்டினேன். பாரியின் மகள்களை நல்லபடியாகக் கரைசேர்த்துவிட்டுக் கபிலர் உயிர் விட்ட இடம் என்று சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளம் வந்தா இந்தப் பாறை முழுகுமா?" என்று கேட்டார்.

ராத்திரி மாமனார் வீட்டில் தூக்கம். சுவரில் வெள்ளம் நின்ற கோடு வெள்ளையடித்த பிறகும் லேசாகத் தெரிகிறது.

ஞாயிறு – முகத்துவாரம்

விடியற்காலை ஐந்தரைக்குத் தாழங்குடா. குளிர் இல்லை, வாடைக்காற்று லேசாக அடித்தது. படகுக்கார அண்ணன் எங்களுக்காக நண்பர்களிடம் கேட்டுப் பிள்ளைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கி வைத்திருந்தார். அதைக் கட்டாமல் யாரும் படகில் கால் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்பாவும் கட்டிக்கொண்டார். சுனாமியில் அடி வாங்கிய ஊர் இது. கடலைப் பற்றி இங்கே யாரும் அலட்சியமாகப் பேசுவதில்லை என்பதைக் கவனித்தேன்.

விடிந்து வெளிச்சம் வந்ததும் அந்த இடம் கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தது. இடது பக்கமும் வலது பக்கமும் நீண்ட மணல்திட்டு. நடுவில் ஆறு அகன்று, அசையாமல், பாதரசம் மாதிரி கிடக்கிறது. எதிரே வெள்ளைக் கோடாக அலை உடைகிறது. காவேரிப்பட்டணத்தில் கோடையில் தாண்டிக் குதிக்கிற வாய்க்கால் மாதிரி ஆகிவிடுகிற ஆறு இது. ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கிறதென்று செய்தியில் பார்த்து நாங்கள் வயிறு எரிந்த ஆறும் இதுதான். நந்தி மலையில் கிளம்பி, 400 கி.மீ.க்கு மேல் வந்து, இத்தனை அணைகளில் நின்று நின்று, இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அப்பா வாய் திறக்கவில்லை. கையைத் தண்ணீரில் விட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "லேசா உப்பு" என்றார்.

"மேல் தண்ணி அப்படித்தான் ஐயா இருக்கும்," என்றார் அண்ணன். "உப்புத் தண்ணி கனம். அது அடியில உள்ள வரும், ஆத்துத் தண்ணி அதுமேல ஏறிப் போகும். கொடுவா எல்லாம் அந்த அடித் தண்ணியிலதான் கிடக்கும்."

நாளைக்கு அஷ்டமி என்பதால் ஏத்தமும் வத்தமும் (கடல் நீர் ஆற்றில் ஏறுவதும் இறங்குவதும்) இன்று குறைவாகத்தான் இருக்கும், அமாவாசை பௌர்ணமிக்கு வந்தால் ஆறு இழுக்கிற இழுப்பே வேறு என்றும் சொன்னார். காலையில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. படகை உள்ளே, மணல்திட்டின் வளைவில் நங்கூரம் போட்டோம்.

முதல் மீன் மகனுக்கு. முள்ளில் இறாலைத் தோலுரித்துச் சின்னத் துண்டாகக் கோத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் தக்கை சரிந்து, ஓடி, முழுகியது. தூக்கினால் ஜிலேபி! எங்கள் அணையில் பிடிக்கிற அதே ஜிலேபி. அப்பாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. "நம்ம ஊர்க்காரன் நமக்கு முன்னாடி வந்து நிக்கிறான்டா!" 1952-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. ஏரி, குளம், அணை, உப்பங்கழி எல்லாவற்றிலும் இப்போது இருக்கிறது, உப்பைத் தாங்கும். நாட்டு மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டது உண்மைதான். இருந்தாலும் அந்த நேரத்தில் அதைப் பார்த்தது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. மகளின் ரீலில் இரண்டு கீச்சான் மட்டும். கையில் பிடித்ததும் 'கிர்ர், கிர்ர்' என்று சத்தம் போடுகிறது. அதனால்தான் அந்தப் பெயர். முதுகுச் செதிலில் வளைவு வளைவாகக் கறுப்புக் கோடு. மகள் பயந்து கையை உதறினாள், பிறகு அவளே எடுத்துத் தண்ணீரில் விட்டாள். அப்பா தன் மண்புழுவை ஒரு முறை போட்டுப் பார்த்தார். எடுத்தபோது வெளுத்து, நூல் மாதிரி தொங்கியது. ஒன்றும் சொல்லாமல் இறாலுக்கு மாறினார்.

ஒன்பது மணிக்கு மேல்தான் நான் எழுத நினைத்த விஷயம் நடந்தது. மகனின் தக்கை அதுவரை கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இழுத்து இழுத்துப் போட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு மெதுவாக, யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி, மேற்கே நகர ஆரம்பித்தது. அப்பா முதலில் மீன்தான் இழுக்கிறது என்று நினைத்தார். அப்புறம் ஒரு காய்ந்த தென்னங்கீற்று மிதந்து எங்களைத் தாண்டி மேற்கே போனது. அதன் பின்னால் நுரை, இலை, ஒரு காலி பாட்டில்.

"தண்ணி மேல போவுதே..." என்றார் அப்பா.

"ஏத்தம் ஆரம்பிச்சிடுச்சு ஐயா" என்றார் அண்ணன், சாதாரணமாக.

எழுபது வருஷமாக அப்பா பார்த்த ஆறு ஒரே பக்கம்தான் ஓடியிருக்கிறது. வெள்ளத்திலும் சரி, காலளவுத் தண்ணீரிலும் சரி, மேலிருந்து கீழே. அவருடைய தூண்டில் வித்தை எல்லாமே அதை வைத்துத்தான். மேலே வீசு, தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்க்கும், கீழே எடு. அதே ஆறு கண்ணெதிரே திரும்பி எங்கள் ஊர்ப் பக்கம் ஓடுவதை அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இது எவ்ளோ தூரம் போவும்? ஊருக்கே வந்துடுமா?" என்று கேட்டார். சில கிலோமீட்டர்தான் போகும், தரை மேடாவதால் அதற்கு மேல் ஏறாது என்று அண்ணன் சொன்னார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும் என்றும் சொன்னார். அப்பா விரலில் எண்ணிக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஏத்தத்தோடு மீனும் வந்தது. கிழங்கான், ஊடான், மறுபடி கிழங்கான். கிழங்கான் மணலோடு மணலாகத் தரையில் மேயும்; ஈயம் தரையைத் தொட்டு லேசாக உருள வேண்டும். 'டக்டக்' என்று இரண்டு தட்டு விரலுக்குத் தெரியும், மூன்றாவது தட்டுக்கு இழுக்க வேண்டும். கைத்தூண்டில் அப்பாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தங்கூசியை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், விரல் பார்த்துக்கொள்ளும். ரீல் வைத்திருந்த எங்களைவிட அவருக்குத்தான் அதிகம் கிடைத்தது.

அதில்தான் ஒரு தப்பும் நடந்தது. அடுத்து வந்தது கெளுத்தி. எங்கள் ஊர் ஆற்றுக் கெளுத்தியைப் பிடிக்கிற பழக்கத்தில் அப்பா சட்டென்று கையை நீட்டிவிட்டார். பக்கச் செட்டை முள் கட்டைவிரலில் ஏறியது. கடல் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், மூன்றிலும் விஷம். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. என் மனைவி காபிக்கு வைத்திருந்த ஃபிளாஸ்க் வெந்நீரை அண்ணன் டப்பாவில் ஊற்றி, ஆற்றுத் தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுப் பார்த்து, பொறுக்கிற சூட்டில் அப்பாவின் விரலை அதில் வைக்கச் சொன்னார். சூடு பட்டால் அந்த விஷம் முறிந்துவிடும் என்றார். சூடு ஆற ஆற வெந்நீர் சேர்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்தில் வலி குறைந்தது. கரைக்குப் போய்விடலாம் என்று நான் நாலு தடவை சொன்னேன். "கட்டைவிரல்தானே போச்சு, தங்கூசி ஆள்காட்டி விரல்லதான இருக்கு" என்று சொல்லிவிட்டார். திரும்பிய பிறகு ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். விரல் இப்போது பரவாயில்லை.

பதினோரு மணிக்கு என் தூண்டில் அப்படியே கல்லில் மாட்டிய மாதிரி நின்றது. பிறகு கல் நகர்ந்தது. ரீல் கத்திக்கொண்டு ஓடியது. முப்பது அடி தள்ளித் தண்ணீரைப் பிளந்துகொண்டு வெள்ளியாக ஒரு மீன் எழும்பித் தலையை உதறியது. கொடுவா! மூன்று கிலோவுக்குக் குறையாது என்றார் அண்ணன். மச்சான் வலைக்கூடையை எடுத்துக்கொண்டு நின்றான். இரண்டு தடவை படகு அருகே வந்தது, இரண்டு தடவை அடியில் ஓடியது. மூன்றாவது முறை நரம்பு சட்டென்று லேசானது. சுற்றி எடுத்துப் பார்த்தால் கத்தியால் அறுத்த மாதிரி நுனி. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், அதற்கு முள்ளுக்கு மேலே தடித்த நரம்பு ஒரு முழமாவது கட்டியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. அண்ணன் ஆறுதலாக ஒன்று சொன்னார்: கொடுவா சின்னதாக இருக்கும்போது எல்லாம் ஆண், பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும், பெரிய மீன் தப்பித்தால் ஆற்றுக்கு நல்லதுதான். அதைக் கேட்டு மகளுக்கு அந்த மீன்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

மதியம், அலை தணிந்திருந்த நேரம் பார்த்து, படகு முகத்துவாரத்தைத் தாண்டி வெளியே போனது. அலை உடைகிற இடத்தில் மூன்று முறை தூக்கிப் போட்டது. வெளியே நாலு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் நிறுத்தினார்கள். பாறைக்குஞ்சு (பாறை மீனின் குஞ்சு) நாலைந்து கிடைத்தது. மகனுக்குக் குமட்டல் எடுத்ததால் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். அந்த அரை மணியில் அப்பா தூண்டில் போடவே இல்லை. கடலில் உட்கார்ந்துகொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றின் பழுப்புத் தண்ணீர் நாக்கு மாதிரி நீலத்துக்குள் நீண்டு வந்திருந்தது. அதன் ஓரம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. இங்கேயும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். இந்த முறை முகம் சுளித்துத் துப்பினார்.

"ஐயா காலத்துல உங்க ஊர்ல விலாங்கு இருந்துச்சா?" என்று திரும்பும்போது அண்ணன் கேட்டார். சின்ன வயதில் நிறையப் பார்த்திருப்பதாகவும், இப்போது பார்த்துப் பல வருஷம் ஆகிறது என்றும் அப்பா சொன்னார். விலாங்கு கடலில்தான் பிறக்கும், குஞ்சாக இந்த வாய் வழியாகத்தான் ஆற்றில் ஏறும், அணை வந்த பிறகு எப்படி ஏறும் என்றார் அண்ணன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. அவர் பிடித்து விளையாடிய விலாங்கெல்லாம் இங்கிருந்து நீந்தி வந்தவை என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். எனக்கும்தான்.

மொத்தம் கிழங்கான் 19, ஊடான் 7, கெளுத்தி 2, பாறைக்குஞ்சு 5, அந்த ஒரு ஜிலேபி. அண்ணன் பங்கு போகப் பாதியை ஐஸ் பெட்டியில் போட்டோம். மாமியார் கிழங்கானை வறுத்தார். முள் குறைவு, வெள்ளைச் சதை, பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிட்டார்கள். ரீலையும் கழியையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவைத்தேன். ஒரு ராத்திரி உப்போடு விட்டால் துரு ஏறிவிடும்.

திங்கள் – வீடு

வழியில் எங்கும் நிற்கவில்லை. ஐஸ் உருகுவதற்குள் ஊர் சேர வேண்டும்.

அம்மா ராகிக் களி கிண்டிவைத்திருந்தார். வந்த மீனை ஆற்று மீனுக்கு வைக்கிற அதே புளிக் குழம்பாக வைத்தார். கெளுத்திக் குழம்பு களிக்கு நன்றாகவே சேர்ந்தது. அப்பா கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நாலு விரலால் சாப்பிட்டார். ஆறு திரும்பி ஓடியதை அம்மாவிடம் சொன்னார். அம்மா நம்பவில்லை. மகன் தட்டிலேயே குழம்பில் கோடு போட்டு விளக்கிக் காட்டினான்.

சாப்பிட்டு முடித்து ஆற்றங்கரைக்குப் போனோம். மிச்சமிருந்த மண்புழுவை வாய்க்கால் ஓரம் மண்ணில் கொட்டினார் அப்பா. பாலத்துக்குக் கீழே தண்ணீர் முழங்கால் அளவு, கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"வெயில் ஏறினா அங்க மணல் அடைச்சு வாய் மூடிக்கும்னு அந்தத் தம்பி சொல்லிச்சு," என்றார். "அதுக்கு முன்னாடி ஒரு அமாவாசைக்குப் போவணும். உங்கம்மாவையும் கூட்டிக்கலாம். மாட்டுக்கு யாரையாவது பாரு."

மாசி அமாவாசைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லியிருக்கிறார்.